வேஷம் கலைக்கும் நேரம்

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் முதலில் கடற்கரைக்குப் போவார்கள். நான் கருவடிக்குப்பத்துக்குப் போனேன். "கடலைப் பார்க்காமல் புதுச்சேரியிலிருந்து திரும்பி வந்த ஒரே மனிதர் இவர்தான்" என்று என் நண்பர்கள் இன்னமும் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். கடல் எங்கேயும் போய்விடாது. நான் பார்க்கப் போனது ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் கூடுகிற ஒரு கூட்டத்தை.

கருவடிக்குப்பம் ஊருக்கு வடக்கே இருக்கிறது. பாரதியார் உட்கார்ந்து குயில்களைக் கேட்ட தோப்பு அங்கேதான் இருந்தது. சித்தானந்த சுவாமிகள் கோயிலும் அங்கேதான். அந்த இடத்து மயானத்தில்தான், தமிழ் நாடக உலகம் 'தலைமை ஆசிரியர்' என்று கையெடுத்துக் கும்பிடும் சங்கரதாஸ் சுவாமிகள் அடக்கமாகியிருக்கிறார். 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி, நாடகக் குழுவோடு வந்திருந்த இடத்தில், தம் ஐம்பத்தைந்தாம் வயதில் அவர் காலமானார். ஆண்டுதோறும் அதே தேதியில் நாடகக்காரர்கள் வருகிறார்கள், மாலை போடுகிறார்கள், கற்பூரம் ஏற்றுகிறார்கள், பாடுகிறார்கள்.

நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு வேடிக்கை தோன்றியது. அவர் இறந்தபோது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களின் ஊர். அந்தப் பிரெஞ்சுக்காரர்களின் சொந்த நாட்டில், நடிகனாகப் பிறந்தவனுக்கு ஒரு காலத்தில் புதைக்க இடம் கிடைப்பதே பெரும்பாடு. 1673-இல் மோலியேர் இறந்தபோது, அவர் நடிகர் என்பதற்காக மாதா கோயில் நிலத்தில் இடம் மறுத்தார்கள். அவர் மனைவி அரசனிடம் போய் மன்றாடிய பிறகு, இரவு நேரத்தில், சடங்கு ஆடம்பரம் எதுவுமில்லாமல் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 1730-இல் இறந்த அத்ரியேன் லெக்கூவ்ரேர் என்ற பெரிய நடிகைக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

நாம் மட்டும் என்ன பெரிதாக வாழ்ந்துவிட்டோம்? 'கூத்தாடி' என்பது நம் வீடுகளில் வசவுச் சொல். பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரத்தின் கடைசிப் பகுதியிலேயே, முனிவர்களைக் கேலி செய்து நடித்ததற்காகப் பரதரின் பிள்ளைகள் சாபம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை வருகிறது. ஆக, வேஷம் போடுகிறவன் மீது சந்தேகப்படுவதில் கிழக்கும் மேற்கும் ஒன்றுதான். இன்னொருவனாக மாறத் தெரிந்தவனை எப்படி நம்புவது?

அப்படியிருக்க, ஒரு நடிகரின் கல்லறை எப்படிச் சமாதியாயிற்று? நடிகர் எப்படிச் சுவாமிகள் ஆனார்?

சங்கரதாஸர் 1867-இல் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். தந்தை தாமோதரத் தேவர் இராமாயணப் புலமை உள்ளவர். மகன் தந்தையிடம் படித்து, பிறகு பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். நல்ல தமிழும் நிரந்தரமான சம்பளமும் இருந்த மனிதர், 1891-இல், இருபத்து நாலாம் வயதில், உப்புக் கணக்கை மூடிவைத்துவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த வேஷங்களைப் பாருங்கள். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன். கதாநாயகனாக வந்து பாட்டுப் பாடிக் கைதட்டல் வாங்குவது வேறு ஒருவர். அந்தக் கதாநாயகனைத் துன்பப்படுத்துவது இவர் வேலை. சினிமா வந்தபிறகு இப்படிப்பட்டவர்களுக்குக் 'குணசித்திர நடிகர்' என்று கௌரவமான பெயர் கிடைத்தது. அந்த நாளில் பெயரும் கிடையாது. ஆனால் கம்பீரமான உருவமும் இடி போன்ற குரலும் உள்ள ஒருவர் எமனாக வந்து நின்றால் ஜனங்கள் நடுங்கினார்கள். மின்சார விளக்கு இல்லாத காலம். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அரிதாரம் பூசிய முகம் அசைந்தால் அதன் நிழல் திரைமேல் பத்து மடங்கு அசையும்.

அப்புறம் ஒரு நாள் அவர் நடிப்பதை விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்பதற்கு நாடக உலகம் தலைமுறை தலைமுறையாக இரண்டு கதைகளைச் சொல்லி வருகிறது.

முதல் கதை: சாவித்திரி நாடகம். சத்தியவானின் உயிரைக் கவர எமனாக வந்து பாசக் கயிற்றை வீசினார். சபையில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணி ஒருத்திக்கு அந்த அதிர்ச்சியில் கரு கலைந்துவிட்டது.

இரண்டாவது கதை: நளன் நாடகம். சனீஸ்வரன் வேஷம். நாடகம் முடிந்து விடியும் நேரத்தில், வேஷத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனார். அரையிருட்டில் எதிரே வந்த சலவைக்காரப் பெண் ஒருத்தி கறுத்த அந்தக் கோலத்தைக் கண்டு, சனீஸ்வரனே வந்துவிட்டார் என்று பயந்து விழுந்து உயிரை விட்டாள்.

வாய்வழி வந்த கதைகள் வளராமல் இருப்பதில்லை. இவையும் வளர்ந்திருக்கலாம். ஆனால் ஒரு தொழிலைச் செய்கிறவர்கள் தங்கள் ஆசானைப் பற்றி எந்தக் கதையை மறக்காமல் வைத்துக்கொள்கிறார்கள் என்பது சாதாரண விஷயமில்லை. 'எங்கள் ஆசான் நடித்தால் கைதட்டல் அடங்க அரை மணி நேரம் ஆகும்' என்ற கதையையா காப்பாற்றினார்கள்? 'எங்கள் ஆசானின் நடிப்பால் ஒரு உயிர் போயிற்று. அவர் அந்த நடிப்பையே விட்டார்' என்ற கதையைத்தான் காப்பாற்றினார்கள்.

இங்கேதான் என் மனத்தில் வெகு நாளாகக் கிடக்கும் கேள்வி எழுகிறது. அந்தச் சாவுக்கு அவர் பொறுப்பா? பொல்லாதவனாக நடிப்பது பாவமா?

'இல்லை' என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சு அறிஞர் திதரோ, நடிகனைப் பற்றி எழுதிய உரையாடலில் ஒரு விநோதமான வாதத்தைச் சொன்னார். பெரிய நடிகன் மேடையில் எதையும் உணர்வதில்லை. தான் கலங்காமல் இருப்பதால்தான் பிறரைக் கலங்க வைக்க முடிகிறது என்பது அவர் கட்சி. அதன்படி பார்த்தால் எமனாக நடித்தவர் மனத்தில் எமன் இல்லை. கணக்குத்தான் இருந்தது, இந்த அடியில் நிற்க வேண்டும், இந்தத் தாளத்தில் கயிற்றை வீச வேண்டும் என்ற கணக்கு. கொலை எண்ணம் இல்லாதவனுக்குக் கொலைப் பழி ஏது?

'ஆம்' என்று சொல்லவும் ஆள் உண்டு. திதரோவின் நண்பராக இருந்து பிரிந்த ரூசோ, 1758-இல் ஜெனீவா நகருக்கு நாடகக் கொட்டகையே வேண்டாம் என்று நீண்ட கடிதம் எழுதி அச்சிட்டார். தன்னுடையது அல்லாத குணத்தை அணிந்துகொள்ளும் தொழிலைச் செய்து செய்து, மனிதன் தன் குணத்தையே மறந்துபோவான் என்பது அவர் பயம்.

இருவரும் பெரிய அறிவாளிகள். ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நடிகனின் நெஞ்சு சுத்தமாக இருக்கிறதா, கெட்டுப்போகிறதா என்பதுதான் அவர்கள் வழக்கு. அந்தச் சலவைக்காரப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. சங்கரதாஸர் அவளைத்தான் கேட்டார். 'என் மனம் சுத்தம்தானே' என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 'நான் என்ன நினைத்தேன்' என்று கேட்காமல், 'அவளுக்கு என்ன ஆயிற்று' என்று கேட்டாரே, அந்தக் கேள்வியில்தான் நடிகர் சுவாமிகள் ஆனார் என்று நினைக்கிறேன். காவி உடுத்தித் தீர்த்த யாத்திரை போனதெல்லாம் பிறகு.

ஆனால் அவர் கதை அங்கே முடியவில்லை. முடிந்திருந்தால் ஒரு நல்ல பக்தி விஜயக் கதையாக இருந்திருக்கும். இவ்வளவு யோசிக்க வைத்திருக்காது. யாத்திரை போய் வந்தவர் மறுபடி நாடகத்துக்கே வந்தார். நடிக்க அல்ல, எழுதவும் கற்பிக்கவும். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, பிரகலாதன், நல்லதங்காள் என்று எழுதிக் குவித்தார். அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பார்கள். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். டி. கே. சண்முகமும் அவர் சகோதரர்களும் சிறுவர்களாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது ஒரு வக்கீல் எழுந்து குறுக்கு விசாரணை செய்யலாம். "சுவாமிகளே! எமனாக நடிப்பது பாவம் என்று நீர் விட்டீர். அதே எமனைப் பத்து வயதுப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தீரே, அது எந்த ஊர் நியாயம்? உமக்கு ஆகாத பாவம் பிள்ளைகளுக்கு ஆகுமோ?"

கூர்மையான கேள்விதான். அன்றைய பால சபைகளில் பிள்ளைகள் பட்ட அடியும், வீட்டை நினைத்து இரவில் அழுத அழுகையும் தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியை லேசாகத் தள்ள மாட்டார்கள். அந்த முறைக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் எமன் விஷயத்தில் மட்டும் சுவாமிகளுக்கு ஒரு பதில் இருந்தது என்று நினைக்கிறேன். பதில் அந்த இரண்டு கதைகளுக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டையும் மறுபடி பாருங்கள். மேலோட்டமாக ஒன்றுபோலத்தான் இருக்கும். முதல் கதையில் எமன் மேடைக்குள் நிற்கிறான். இரண்டாவது கதையில் சனீஸ்வரன் மேடையை விட்டு இறங்கி ஊருக்குள் வந்துவிட்டான். திரை விழுந்தாயிற்று; நாடகம் முடிந்தாயிற்று; வேஷம் மட்டும் முடியவில்லை. அந்தப் பெண் நாடகம் பார்க்க வந்தவள் அல்ல. டிக்கெட் வாங்கவில்லை. 'இது நடிப்பு' என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. துணி மூட்டையோடு தன் பிழைப்பைப் பார்க்கப் போனாள்.

நாடகத்தில் தீமை இருக்கலாம், இருக்கத்தான் வேண்டும். எமன் இல்லாமல் சாவித்திரி எங்கே? இரணியன் இல்லாவிட்டால் தூணும் வெறும் தூண்தான். ஆனால் அந்தத் தீமைக்கு வேலி வேண்டும். முதல் கதையில் வேலி தாங்கவில்லை. இரண்டாவது கதையில் வேலியே இல்லை.

சுவாமிகள் பிற்காலத்தில் செய்ததெல்லாம் அந்த வேலியைக் கட்டியதுதான். அவர் வருவதற்கு முன்பும், வந்த பின்பும்கூட, மேடையில் நடிகர்கள் இஷ்டம்போல் பேசுவார்கள். ஒருவரை ஒருவர் மடக்குவார்கள். சொந்த விரோதத்தை வேஷத்தின் வாயால் தீர்த்துக்கொள்வார்கள். சுவாமிகள் வசனத்தையும் பாட்டையும் எழுதிக் கையில் கொடுத்தார். எமன் இவ்வளவுதான் பேசலாம், இதற்கு மேல் கூடாது. வளர்ந்த நடிகர்கள் அந்தக் கட்டுக்கு அடங்கவில்லை. அதனால்தான் சிறுவர்களைச் சேர்த்தார். ஒரு சிறுவன் மீசை ஒட்டிக்கொண்டு எமனாக வந்தால் ஜனங்கள் பயப்படுவார்கள். ஆனால் அந்த மீசைக்குப் பின்னால் ஒரு பிள்ளை முகம் இருப்பதை ஒரு கணமும் மறக்க மாட்டார்கள். பயமும் இருக்கும், பயத்துக்கு அளவும் இருக்கும். அவர் விட்டது எமனை அல்ல. எமனை அளவில்லாமல் காட்டக்கூடிய தம் சொந்த உடம்பை விட்டார். தம்மிடம் இருந்த பெரிய சக்தி எதுவோ அதையே விடுவதற்கு எத்தனை பேருக்கு மனம் வரும்?

இந்த வேலிக்குச் சினிமா பெரிய சோதனையாக வந்தது. நாடகத்தில் விடிந்தால் வேஷம் கலைந்துவிடும். சினிமாவில் அது கலைவதே இல்லை. நடிகர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் முகம் நூறு ஊர்களில் கொலை செய்துகொண்டிருக்கும். எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் பயந்தார்கள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

நாடக சபாக்களில் வளர்ந்து திரைக்கு வந்த எம். என். நம்பியாரை நினைத்துக்கொள்கிறேன். 1950-இல் வந்த மந்திரி குமாரியின் ராஜகுரு. 1965-இல் எங்க வீட்டுப் பிள்ளையில் சவுக்கோடு வரும் கஜேந்திரன். இரண்டு தலைமுறை தமிழர்கள் அவரை வெறுத்தார்கள். அவரோ மது தொடாதவர், மாமிசம் உண்ணாதவர், ஆண்டுதோறும் சபரிமலைக்குப் போய், பலருக்குக் குருசாமியாக விளங்கியவர். 2008 நவம்பர் 19 அன்று, மாலை போடும் கார்த்திகை மாதத்திலேயே, மறைந்தார். 'திரையில் அவ்வளவு கெட்டவர், வீட்டில் இவ்வளவு நல்லவரா!' என்று நாம் இன்றைக்கும் ஆச்சரியப்படுகிறோம். அந்த ஆச்சரியம் அவரைப் பற்றிச் சொல்வதைவிட நம்மைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. வேஷத்தைக் கலைக்க அவர் மறக்கவில்லை. நாம்தான் கலைக்க விடவில்லை.

'அப்படியானால் எம். ஆர். ராதா?' என்று கேட்பீர்கள். 1967 ஜனவரி 12-ஆம் தேதி எம். ஜி. ஆரைச் சுட்ட வழக்கில் அவர் தண்டனை பெற்றார். வேஷம் ஆளுக்குள் இறங்கிவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அது அவசரப் புத்தி. எம். ஜி. ஆரோடு படத்துக்குப் படம் கத்திச் சண்டை போட்ட நம்பியார் வெளியே யாரையும் கீறவில்லை. ஒரே மாதிரி வேஷம் போட்ட இரண்டு பேர் இரண்டு விதமாக வாழ்ந்தால், காரணத்தை வேஷத்தில் தேடுவது வீண். ரூசோவின் பயத்துக்கு இங்கே சாட்சி கிடைக்காது.

டி. எஸ். பாலையாவை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்து வருகின்றன. 1936-இல் சதி லீலாவதியில் வில்லனாகத் திரைக்கு வந்தவர். ஆண்டுக்கணக்கில் ஜனங்களை அச்சுறுத்தியவர். 1964-இல் காதலிக்க நேரமில்லை படத்தில், நாகேஷ் சொல்லும் பேய்க் கதையைக் கேட்டு நடுங்கும் அப்பாவாக உட்கார்ந்திருக்கிறார். முகத்தாலேயே பயத்தைக் காட்டுகிறார். கொட்டகையே உருண்டு சிரித்தது, இன்றைக்கும் சிரிக்கிறோம். பயமுறுத்தியே பேர் வாங்கியவர் ஒரு நாள் பயப்படுகிறவனின் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, அங்கே எப்படி இருக்கிறது என்று பார்த்ததுபோல இருக்கிறது எனக்கு. எமனாக நடித்த எல்லோரும் ஒரு தரம் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

நடிகர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். என் கணக்கையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு தொடர்கதை எழுதினேன். பதினெட்டாவது அத்தியாயத்தில் ஒரு குழந்தையைச் சாகடித்தேன். கதைக்கு அது தேவை என்று எனக்கு அப்போதும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. நன்றாக எழுதியிருந்தேன் என்று பலர் சொன்னார்கள். பிறகு ஒரு கார்டு வந்தது. நடுங்கும் எழுத்து. எழுதியவர் ஒரு தாய். அந்த அத்தியாயம் வந்த வாரம்தான் அவர் குழந்தை அதே ஜுரத்தில் படுத்திருந்ததாம். பிழைத்துவிட்டது. 'ஆனால் அந்த மூன்று இரவுகள் உங்கள் வரிகள் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தன. இப்படி எழுதலாமா?' என்று கேட்டிருந்தார். திட்டவில்லை. கேட்டிருந்தார், அவ்வளவுதான்.

நான் பதில் எழுதவில்லை. 'கதைதானே' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். திதரோவைப் படிப்பதற்கு முன்பே திதரோவின் கட்சியில் சேர்ந்துவிட்டேன். அந்தக் கார்டு என் மேஜை டிராயரில் ஒரு வருஷம் கிடந்தது. அப்புறம் வீடு மாறியபோது காணாமல் போயிற்று. விலாசமும் அதோடு போயிற்று.

அந்தக் குழந்தையைச் சாகடித்தது தவறு என்று நான் இன்று நினைக்கவில்லை. பதில் எழுதாததுதான் தவறு. அந்தத் தாய் கேட்டது என் கலையைப் பற்றிய விமர்சனம் அல்ல. மேடையிலிருந்து இறங்கி, வேஷத்தைக் கலைத்துவிட்டு, 'அம்மா, குழந்தை இப்போது எப்படி இருக்கிறது?' என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அதற்கு எனக்கு நேரம் இல்லாமல் இல்லை, மனம்தான் இறங்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், அரிதாரம் பூசாத வேஷங்கள்தான் நம்மிடம் அதிகம். ஆபீஸில் கண்டிப்பான அதிகாரியாக இருப்பது ஒருவருக்கு அவசியமான வேஷம். அதே குரலோடு இரவு வீட்டுக்கு வந்து, 'சாதம் ஏன் குழைந்தது?' என்று கேட்கும்போது, சனீஸ்வரன் ஊருக்குள் வந்துவிடுகிறான். வகுப்பில் பிரம்பைக் காட்டும் வாத்தியார், கோர்ட்டில் சாட்சியை அழவைக்கும் வக்கீல் எல்லோருக்கும் ஒரு மேடை உண்டு. அந்த மேடைக்கு ஒரு ஓரமும் உண்டு. அந்த ஓரம் எங்கே முடிகிறது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் விஷயம்.

கருவடிக்குப்பத்தில் அன்று கூட்டம் கலையும் நேரத்தில், மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு முதிய நடிகரோடு பேச்சுக் கொடுத்தேன். நாற்பது வருஷமாக ஸ்பெஷல் நாடகங்களில் எமனாக வந்துகொண்டிருப்பவர்.

"ஐயா, அந்தக் கர்ப்பிணிக் கதை உங்களுக்குத் தெரியுமில்லையா? கயிற்றை வீசும்போது உங்களுக்குப் பயமாக இருக்காதா?" என்று கேட்டேன்.

"இருக்காதா பின்னே? மேடையேறினதும் கூட்டத்துல பிள்ளைத்தாச்சி யாராச்சும் முன்னால உக்காந்திருக்காங்களான்னு ஒரு பார்வை பாத்துக்கிருவேன். இருந்தா கயித்தை அந்தப் பக்கம் வீச மாட்டேன். சுவாமிகள் போட்ட பிச்சையில சாப்பிடுறோம். அவுக பட்ட பாட்டை நாமளும் திருப்பிப் படணுமா?"

"வேஷம் கலைத்த பிறகு?"

அவர் சிரித்தார். "வேஷம் கட்டுறதுக்கு முந்தி ஒரு தடவை சாமி கும்பிடுவோம். கலைச்சப்புறம் இன்னொரு தடவை கும்பிடுவோம் ஐயா. முதல் கும்பிடு வாய்யான்னு எமனைக் கூப்பிடுறதுக்கு. ரெண்டாவது, போய்யான்னு அவனை அனுப்புறதுக்கு. ரெண்டாவதை மறந்தா வீட்டுக்குப் போகக் கூடாது."

சுவாமிகளின் கடைசிக் காலத்தை அப்போது நினைத்துக்கொண்டேன். 1921-இல் அவரைப் பக்கவாதம் தாக்கியது. கை கால் முடங்கின. இரணியனாகக் கர்ஜித்த அந்தக் குரலும் போயிற்று. அந்த நிலையிலும் அவர் குழுவைப் பிரியவில்லை. அவர் எழுதிய வசனத்தைப் பிள்ளைகள் பேசினார்கள். அவர் பேசாமல் இருந்தார்.

மழை தூறத் தொடங்கியது. முதியவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, சமாதியின் பக்கம் திரும்பி இன்னொரு தடவை கும்பிட்டுவிட்டு நடந்தார். நான் பஸ்ஸுக்குப் புறப்பட்டேன்.